கருமணலும் உப்பு நீரும்

விஞ்ஞான ஆராய்ச்சி என்றவுடன் நம்மவருள் பலருக்கு நினைவில் எழுவது எங்கோ ஒரு தூரதேசத்து ஆய்வுகூடமேயாகும். அது நமக்கு அப்பாற்பட்டது, நம் வாசலுக்கு வராதது என்னும் எண்ணம் நம் வீடுகளில் வேரூன்றிக் கிடக்கின்றது. பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்வெண்ணத்தோடு நாள்தோறும் வழக்காட வேண்டியிருக்கிறது. இவ்வழக்கிலே எனக்குச் சாட்சியாக நிற்கும் ஊர் ஒன்று உண்டு. அதுவே புல்மோட்டை.

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வழியாக வடக்கு நோக்கி ஏறத்தாழ 55 கிலோமீற்றர் சென்றால் இவ்வூரை அடையலாம். கிழக்கே வங்கக் கடல். வடக்கே கொக்கிளாய்க் களப்பு. இக்கடற்கரையின் மணல் கருமை நிறம் வாய்ந்தது. ஒரு சிரட்டையில் அள்ளிப் பார்த்தால் அதன் கனம் கையை வியக்கவைக்கும். வழிநெடுகிலும் கடலுக்கும் தெருவுக்கும் இடையே உவர்நிலங்களும் உப்புப் பாத்திகளும் ஆங்காங்கே காணப்படும். இந்தக் கருமணலும் இந்த உப்பு நீரும் இன்றைய விஞ்ஞானத்தின் இரண்டு புதிய துறைகளுக்கு வாயில்களாக அமைந்துள்ளன என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மணலைப் பார்ப்போம். புல்மோட்டை மணலில் பத்தில் ஏழு பங்களவு இல்மனைற்று என்னும் கனியம். இரும்பும் தைற்றேனியமும் ஒட்சிசனும் சேர்ந்தது அது. ரூற்றைல், சிர்க்கன் முதலியனவும் அதனுடன் கலந்துள்ளன. இம்மணலை அகழ்ந்து பிரித்தெடுப்பதற்கென 1957 இல் இலங்கைக் கனிய மணற் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. இன்று லங்கா மினரல் சான்ட்ஸ் என்ற பெயரில் அரச நிறுவனமாக அது இயங்கி வருகின்றது. காந்தங்களைக் கொண்டு இல்மனைற்றை வேறாக்கி, மூலப்பொருளாகவே கப்பலேற்றி அனுப்புகின்றார்கள். பிற நாடுகளில் அதனைப் பக்குவஞ்செய்து தைற்றேனியம் ஈரொட்சைட்டு என்னும் தூய வெண்பொடியைப் பெறுகின்றார்கள். நம் வீட்டுச் சுவரின் வெள்ளை வர்ணப்பூச்சுக்கு வெண்மையைத் தருவது அப்பொடியே. கரியதொரு மணலுக்குள் இத்தகைய வெண்மை ஒளிந்திருப்பது இயற்கையின் விந்தைகளுள் ஒன்றன்றோ?

இந்த உண்மையை உலகுக்கு முதலில் காட்டியவர் பெரிய ஆய்வுகூடத்துப் பேராசிரியர் அல்லர். இங்கிலாந்தின் கோர்ண்வால் பகுதியில் வாழ்ந்த வில்லியம் கிரெகர் என்னும் கிராமத்துப் பாதிரியார் அவர். மனாக்கன் என்ற இடத்தில் கிடந்த, வெடிமருந்து போன்ற கருமணலை அவர் காந்தத்தாலும் அமிலத்தாலும் சோதித்தார். இரும்போடு கூடி வேறொரு புதிய உலோகமும் அதில் உண்டு என்று 1791 இல் அறிவித்தார். நான்கு ஆண்டுகளின் பின் ஜெர்மன் இரசாயன அறிஞர் கிளாப்ரோத் அவ்வுலோகத்தை ரூற்றைலிலும் கண்டு அதற்குத் தைற்றேனியம் எனப் பெயரிட்டார். தம் காலடி மண்ணைப் பற்றி ஒரு மனிதர் எழுப்பிய வினாவே ஒரு மூலகத்தை உலகுக்குத் தந்தது.

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. கலைத்துறை ஆசானாக நாம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி அவர்கள் முதலில் ஒரு புவிச்சரிதவியல் விஞ்ஞானி என்பதைப் பலர் மறந்துவிட்டோம். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவீட்டின் முதற் பணிப்பாளராக அவர் கடமையாற்றினார். சப்பிரகமுவப் பகுதியின் பரற்கற்களிடையே கிடைத்த தோரியனைற்று என்னும் புதிய கனியம் 1904 இல் அவர் முயற்சியாலேயே உலகின் கவனத்துக்கு வந்தது. சிவ நடனத்தின் பொருளை உலகுக்கு உரைத்தவரும், ஆற்று மண்ணை அரித்துப் பார்த்தவரும் ஒருவரே.

இவற்றையெல்லாம் வகுப்பில் நான் எடுத்துரைப்பது வழக்கம். கேட்ட மாணவர்களுள் புல்மோட்டைப் பக்கத்துப் பெண்ணொருத்தி பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் பயில இடம்பெற்றாள். பின்னர் ஆராய்ச்சியிலும் ஈடுபட விரும்பினாள். அவளுடைய வாப்பா கடற்றொழில் செய்பவர். பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவர். அவர் என்னிடம் வந்து, “மாஸ்டர், எங்கட மண்ணைக் கப்பலில ஏத்தி அனுப்புறாங்க. இப்ப பிள்ளையையும் அனுப்பச் சொல்றீங்களா? போன மண் திரும்பி வந்ததை நான் காணல்லையே. கண்ணுக்குத் தெரியாத தூசியை ஆராய்ஞ்சு எங்க ஊருக்கு என்ன வரப்போகுது?” என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயமானதொரு கேள்வி. போன மண் திரும்பி வராமலில்லை. வர்ணப்பூச்சுத் தகரத்தில் அடைபட்டு, பன்மடங்கு விலையோடு வருகின்றது. இடையில் சேர்ந்த விலை மண்ணின் விலையன்று, அறிவின் விலை. இதை அவருக்குச் சொன்னேன். ஆயினும், “கண்ணுக்குத் தெரியாத தூசி” என்ற அவருடைய சொல்லுக்கு விரிவான விடை வேண்டும். அது அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று என்பதனாலேயே இங்கு எழுதுகின்றேன்.

விஞ்ஞானிகள் இந்நாளில் நானோமீற்றர் என்ற அளவைப் பேசுகின்றனர். ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அது. ஐம்பது நானோமீற்றர் அளவுள்ள துகள் ஒன்றைக் கடுகளவுக்குப் பெருப்பித்தோம் என்று வைத்துக்கொள்வோம். அதே விகிதத்தில் ஒரு மணற்பரல் இரண்டு மாடி வீட்டின் உயரத்தை அடையும். சாதாரண மனிதன் ஒருவனைத் திருகோணமலையில் கால்வைத்து வடக்கே படுக்க வைத்தால், அவன் தலை புல்மோட்டையையும் தாண்டிச் சென்றுவிடும். அத்துணைச் சிறியது நானோ உலகம்.

சிறுமையால் என்ன பயன்? ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனக்குற்றி ஒன்றின் மேற்பரப்பு ஆறு சதுர சென்ரிமீற்றர் மாத்திரமே. அதனைப் பத்து நானோமீற்றர் பக்கமுள்ள குற்றிகளாக நொறுக்கினால் அவற்றின் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீற்றர் ஆகும். அதாவது இரண்டு பரப்புக் காணிக்கும் மேல். ஒரு பிடிக்குள் அடங்கும் பொருள் ஒரு வளவளவு விரிந்து தன்னைச் சூழ்ந்த திரவத்தைத் தொடுகின்றது.

இனி வெப்பத்துக்கு வருவோம். பேருந்து, படகு, மின்னிலையம், கணினி ஆகிய யாவும் ஓடும்போது சூடேறுகின்றன. அச்சூட்டை அகற்ற நாம் பெரும்பாலும் நம்பியிருப்பது நீரை. நீரோ வெப்பத்தைக் கடத்துவதில் மந்தமானது; செம்பு அதனைப் போல் ஏறத்தாழ அறுநூறு மடங்குக்கு மேல் கடத்தவல்லது. அப்படியாயின் உலோகத் தூளை நீரில் கலந்தால் என்ன? இவ்வாறான கலவைகளின் கடத்துதிறனைக் கணிக்கும் சூத்திரத்தை மாக்ஸ்வெல் 1873 இலேயே எழுதிவைத்தார். ஆனால் சாதாரணத் தூள் அடியில் மண்டியாகப் படியும், குழாயை அடைக்கும், உலோகத்தைத் தேய்க்கும். ஆகவே அந்த எண்ணம் நெடுங்காலம் ஏட்டளவிலேயே இருந்தது.

நானோ துகள் இத்தடையை நீக்கிற்று. 1993 இல் ஜப்பானில் மசுதாவும் அவருடைய கூட்டாளிகளும் அலுமினா, சிலிக்கா, தைற்றேனியம் ஈரொட்சைட்டு ஆகியவற்றின் மிக நுண்ணிய துகள்களை நீரில் கலந்து, அதன் கடத்துதிறன் கூடுவதை அளந்தனர். நம் கருமணலுக்குள் உறங்கும் பொருள் அந்தத் தொடக்கத்திலேயே இடம்பெற்றதைக் கவனிக்க வேண்டும். 1995 இல் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்ரீபன் சோய் இத்தகைய கலவைகளுக்கு நானோ திரவம் எனப் பெயர் சூட்டினார். 2001 இல் அங்கிருந்து வெளியான செய்தியொன்று உலகையே நிமிர்ந்து பார்க்க வைத்தது. எதிலீன் கிளைக்கோலில் நூற்றுக்கு 0.3 பங்கு கனவளவே செப்பு நானோ துகள் சேர்த்தபோது அதன் கடத்துதிறன் 40 வீதம் வரை உயர்ந்தது என்பதே அச்செய்தி. மாக்ஸ்வெல்லின் சூத்திரம் இவ்வளவு உயர்வை ஒருபோதும் அனுமதியாது.

அதன்பின் எழுந்த ஆரவாரத்தைக் கேட்கவேண்டுமா? ஆய்வுகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் சரித் குமார் தாஸ் முதலியோர் இத்துறையில் முன்னின்று உழைத்தனர். கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினர், காந்தத் தன்மையுள்ள துகள்கள் காந்தப் புலத்திலே சங்கிலிபோல் கோத்து நின்று வெப்பத்தைக் கடத்தும் விதத்தை ஆராய்ந்தனர். ஆனால் ஓர் ஆய்வுகூடம் பெற்ற முடிவு மற்றோர் ஆய்வுகூடத்தின் முடிவோடு பொருந்தவில்லை. ஒருவர் பெரும் உயர்வு கண்டார். மற்றவர் சிறிதளவே கண்டார்.

அப்போது விஞ்ஞானிகள் செய்த காரியம் நம் பிள்ளைகள் மனத்திற் பதிய வேண்டியது. உலகெங்குமுள்ள முப்பதுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் ஒன்றுகூடின. ஒரே மாதிரியான திரவங்களைத் தமக்குள் பகிர்ந்து, தத்தம் இடங்களில் தனித்தனியே அளந்தன. சென்னையாரும் கல்பாக்கத்தாரும் அதிற் பங்குகொண்டனர். 2009 இல் முடிவு வெளியாயிற்று. சோதித்த திரவங்களில் மாயமான உயர்வு எதுவும் காணப்படவில்லை. மாக்ஸ்வெல் வழிவந்த கோட்பாடு கூறிய அளவே காணப்பட்டது. தாமே வளர்த்த நம்பிக்கையைத் தாமே தராசில் நிறுத்தி, குறைந்த எடையை மறைக்காமல் எழுதினார்கள். அந்த நேர்மையே விஞ்ஞானத்தின் உயிர்நிலை.

ஆயின் நானோ திரவம் பயனற்றதா? அப்படியன்று. மிதமான பயன் உண்டு. ஆனால் துகள் கூடக்கூடத் திரவத்தின் பாகுநிலையும் கூடும். அதைத் தள்ளும் பம்பிக்கு வேலையும் கூடும். வரவையும் செலவையும் ஒப்பிட்டுப் பார்த்தே எங்கு பயன்படுத்தலாம் என்று தீர்மானிக்க வேண்டும். குடும்பம் நடத்தும் எவருக்கும் இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்.

மணலை விட்டு இனி உப்பு நீரிடம் செல்வோம். கருவாடு சில வேளைகளில் செந்நிறப் புள்ளி கொள்வதை நம் வீட்டுப் பெண்கள் அறிவர். உப்பு முற்றும் பாத்தியும் செம்மை பூக்கும். உப்பு எல்லாவற்றையும் கெடாமற் காக்கும் என்று நம்பியிருக்கும் நமக்கு, உப்பையே உறைவிடமாகக் கொண்ட உயிர்களும் உண்டென்பதை இந்நிறம் அறிவிக்கின்றது. உப்பிட்ட மீன் சிவப்பதால் வியாபாரம் கெடுகின்றதே என்ற கவலையே இவ்வுயிர்களைத் தேடவைத்தது. 1922 இல் கனடாவில் ஹரிசன், கெனடி ஆகிய இருவர் அதுபற்றி விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர். கடல் நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதைப்போல் ஏழெட்டு மடங்கு உப்பிலும் இவை செழித்து வாழ்கின்றன. இவற்றை நெடுங்காலம் பற்றீரியா என்றே எண்ணியிருந்தார்கள். 1977 இல் கார்ல் வூஸ் முதலியோர் செய்த ஆராய்ச்சியின் வழியே, ஆர்க்கியா என்னும் தனிக் குலத்தைச் சேர்ந்தவை இவை என்பது தெளிவாயிற்று. அவற்றுள் ஒன்று தபால்முத்திரை போல் தட்டையான சதுர வடிவினது. 1980 இல் வால்ஸ்பி என்பவர் சினாய்ப் பகுதியின் உவர்க்குட்டையிலே அதனைக் கண்டார். ஆனால் ஆய்வுகூடத்தில் அதனைத் தனியே வளர்த்தெடுக்க 2004 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்வுயிர்களையும் தாக்கும் வைரசுகள் உண்டு. 1974 இல் நோர்வேயைச் சேர்ந்த தோர்ஸ்விக், டுண்டாஸ் ஆகியோர் அத்தகைய வைரசு ஒன்றை முதன்முதலில் விவரித்தனர். பிற்பாடு இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் உப்பு நீரை வைத்துப் பார்த்தவர்கள் திகைத்தனர். ஸ்பெயின் நாட்டுச் சாந்தா போலா உப்பளங்களில், நீர் உவர்க்க உவர்க்க வைரசின் தொகையும் பெருகி, ஒரு மில்லிலீற்றரில் நூறு கோடியளவை எட்டிற்று. ஒரு தேக்கரண்டி உப்பு நீரில் அடங்கியவை இந்திய நாட்டு மக்கள் தொகையையும் விஞ்சும்! உருவங்களும் பலவகை. சில தலையும் வாலும் உடையவை, சில உருண்டை, சில எலுமிச்சங்காய் போல் இருபுறமும் கூரியவை, சில நிலையான வடிவமே இல்லாதவை. ஆஸ்திரேலிய உப்பேரிகளிலும் செனகல் நாட்டு இளஞ்சிவப்பு ஏரியாகிய ரெட்பாவிலும் இவற்றின் பல்வகைமையை ஆராய்ந்துள்ளனர். பல நாட்டு உப்பளங்களை ஒப்பிட்ட 2012 ஆம் ஆண்டு ஆய்வொன்று, ஓரிடத்து வைரசு நெடுந்தொலைவிலுள்ள மற்றோரிடத்து உயிரியையும் தொற்றவல்லது எனக் காட்டியது.

தாய்மார் அஞ்ச வேண்டியதில்லை. உப்புநீர் ஆர்க்கியாவின் வைரசுகள் மனிதரைத் தாக்குவனவல்ல. பெருகிப்போகும் இனத்தை அடக்கி, நலிந்த இனத்துக்கும் இடமளித்து, இறந்த உயிரணுவின் சத்தை நீருக்கே திருப்பிக் கொடுத்து, ஏரியின் குடும்பத்தைச் சமன்செய்து வருவன அவை.

எனினும் உப்பேரியின் நுண்ணுயிரை அறியாதிருப்பது ஆபத்தானது என்பதற்கும் சான்று உண்டு. 2019 நவம்பரில் இராசத்தானிலுள்ள சாம்பர் உப்பேரியில் வலசை வந்த பறவைகள் ஆயிரமாயிரமாய் மடிந்தன. பொட்டுலினம் என்னும் பற்றீரிய நஞ்சே காரணம் என்று கண்டறியப்பட்டது. பறவைகளைப் பெரும்பாலும் இவ்வாறு கொல்லும் நஞ்சுவகையை உண்டாக்கும் பரம்பரையலகு அந்தப் பற்றீரியாவுக்குச் சொந்தமானதன்று. அதனுட் புகுந்திருக்கும் வைரசு ஒன்று சுமந்து வருவது. கண்ணுக்குத் தெரியாததினுள் அதனினும் சிறியது புகுந்து, வானிற் பறப்பதை வீழ்த்துகின்றது. நம் கொக்கிளாய்க் களப்பு 1951 இல் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. மாரியில் நன்னீர் கலந்து நீர்த்தும் கோடையில் உவர்த்தும் மாறும் அந்நீரை நம்பியே நாரையும் கொக்கும் மட்டுமல்ல, மீனவர் வீட்டு அடுப்புகளும் இருக்கின்றன. இங்கும் அப்படி நேரும் என்று அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. நலமாயிருக்கும் காலத்திலேயே நீரின் இயல்பைக் குறித்து வைத்தவர்க்கே நலிவு வரும்போது அதன் காரணம் புலப்படும் என்பதற்காகச் சொல்கின்றேன்.

இனி, மணலும் நீரும் ஒன்றுசேரும் இடத்துக்கு வருவோம். நானோ துகள் ஏன் அடியில் மண்டிவிடுவதில்லை? வைரசு, நீந்தும் உறுப்பு எதுவுமின்றித் தன் இரையை எவ்வாறு அடைகின்றது? இரண்டுக்கும் விடை ஒன்றே. நீரின் மூலக்கூறுகள் ஓயாது மோதி அவற்றை அங்குமிங்கும் அலைக்கழிக்கின்றன. 1827 இல் ரொபேட் பிரௌன் என்ற தாவரவியலறிஞர் பூந்தாதுவின் நுண்பொடி நீரில் நடுங்கியாடுவதைக் கண்டு வியந்தார். 1905 இல் ஐன்ஸ்டீன் அதற்குக் கணித விளக்கம் தந்தார். அணு என்ற பொருள் உண்மையே என்பதை உலகம் ஒப்புக்கொள்ள உதவியதும் இவ்வாராய்ச்சிதான். இன்று வெப்பத்தை ஆராய்பவரும் உப்பேரியின் வைரசை ஆராய்பவரும் அதே விதியைத் துணைக்கழைக்கின்றனர். பூந்தாதுவைப் பார்த்த மனிதரிடம், “இதனால் என்ன வரப்போகிறது?” என்று அன்று யாரேனும் கேட்டிருந்தால் அவரால் விடை கூறியிருக்க முடியாது.

அந்த வாப்பாவின் கேள்விக்கு என் விடையும் இதிலேயே அடங்கியுள்ளது. பிள்ளையை அனுப்புவதும் மண்ணை அனுப்புவதும் ஒன்றல்ல. மண் குறைந்துகொண்டே போகும். பிள்ளையின் அறிவு வளர்ந்துகொண்டே போகும். ஆனால் அவருடைய அச்சத்தில் பாதி உண்மை. கற்ற பிள்ளை திரும்பிவந்து நிற்க ஓரிடம் இல்லையென்றால், அவளும் மண்ணைப் போலவே பிறர்க்குப் பயன்படுவாள். ஆகவே பெற்றோரிடம், “அனுப்புங்கள்” என்று சொல்லும் நாம், “அவள் திரும்பிவர இடம் செய்வோம்” என்றும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். அதற்கு வழியில்லாமலும் இல்லை. நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கின்றது. 2008 இல் தோன்றிய இலங்கை நானோ தொழில்நுட்ப நிறுவனம் ஹோமாகமையில் இருக்கின்றது. இல்மனைற்றிலிருந்து பயனுள்ள பொருளைப் பெறும் வழியை நம் நாட்டு ஆய்வாளரும் தேடி வருகின்றனர். 1946 இலேயே திருவனந்தபுரத்தில், தம் கரையின் கருமணலைத் தாமே வெண்பொடியாக்கவென்று ஒரு தொழிற்சாலை நிறுவிய அண்டை நாட்டாரின் முன்மாதிரியும் நம் கண்முன் உண்டு.

மாணவர்களே, இலத்திரன் நுணுக்குக்காட்டி கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். மாதம் ஒருமுறை ஒரே இடத்துக் களப்பு நீரை எடுத்து அதன் அடர்த்தியை அளந்து எழுதுங்கள். உப்புப் பாத்தி எந்நாளில் சிவக்கின்றது, மழைக்குப் பின் எத்தனை நாளில் அந்நிறம் மறைகின்றது என்று குறியுங்கள். ஒரே கொள்கலத்தில் கருமணலையும் வெண்மணலையும் தனித்தனி நிறுத்து, கனம் எத்தனை மடங்கு என்று பாருங்கள். கிடைத்த எண் விரும்பிய எண்ணாக இல்லாவிட்டால் அதை மாற்றாதீர்கள், மறுபடியும் அளவுங்கள். மறுபடியும் அதுவே வந்தால் அஞ்சாமல் எழுதுங்கள். 2009 இல் முப்பது ஆய்வுகூடங்கள் செய்ததும் அதுவே.

பெற்றோர்களே, பிள்ளை ஒரு பிடி மணலோடும் ஒரு போத்தல் உப்பு நீரோடும் வீட்டுக்கு வந்தால், வீட்டை அழுக்காக்குகிறாய் என்று அதட்டிவிடாதீர்கள். எங்கே எடுத்தாய், என்ன கண்டாய் என்று கேளுங்கள். அக்கேள்விகளைக் கேட்கும் வீடுகள் பெருகினால், ஆராய்ச்சி என்பது தூரதேசத்துச் செய்தியாக நில்லாமல் நம் ஊரின் தொழிலாகவும் அமையும்.